உங்கடை குடும்ப டொக்டர் ஆர்?

மண்டபத்தின் நடுக்கதிரையை நிறைத்து வீற்றிருக்கும் தலைவர் தம்பிஐயா மாஸ்டர் அவர்களே! மடித்த வெள்ளை அங்கியை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கிழவி என்ன சொல்லப்போகிறாளோ என்று விழித்திருக்கும் மருத்துவபீடத்துச் செல்வங்களே! அந்தச் செல்வங்களை எங்கள் படலை வரைக்கும் கூட்டிவந்து விட்ட விரிவுரையாளர், டொக்டர் உதயகலா அவர்களே! வெங்காயம் நடுகிற நாளிலும் மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! கைக்குழந்தையை இடுப்பிலும் அடுப்பில் வைத்த உலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே! முன்வரிசையில் இருந்து சுருக்கிச் சொல்லும்படி இப்போதே விரலால் காட்டுகிற என் வீட்டுக்காரர் கதிரவேலு அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கனகாம்பிகையின் கைகூப்பிய வணக்கம்.

மேடையிலே இன்னும் ஒருவர் இருக்கிறார். இடது பக்கத்துக் கடைசிக் கதிரை. அவரை நான் விளிக்கவில்லை. மறந்துபோனாள் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். எனக்கு நாரி நோவு உண்டு, முழங்கால் நோவு உண்டு; மறதி என்கிற வருத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. அவருடைய முறை வரும்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வருடமாய்க் கதை பேச்சு இல்லை என்பது இணுவிலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதானே!

நான் ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவள். பேச்சு எழுதித் தருகிறேன் என்று தலைவர் சொன்னார்; வேண்டாம் என்றுவிட்டேன். அறுபது வருடம் கோயில் வீதி மணலில் இருந்து பிரசங்கம் கேட்ட காது இது. எழுதித் தராவிட்டாலும் பேச வரும். புத்தி சொல்ல நான் வரவில்லை. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஆறு மாதமாய் என்னைத் தூங்கவிடாத கேள்வி. அதை உங்கள் நடுவில் இறக்கிவைத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு வீடு என்று பிரித்துக்கொண்டு, மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் வீடுகளுக்கு வந்தார்கள். குடும்பங்களுக்குள் வருத்தம் எப்படி இருக்கிறது, மருந்து எப்படிப் போகிறது என்று பார்ப்பது அவர்களுக்கு ஒரு பாடமாம்; அந்தப் பாடம் முடிகிற நாள்தான் இன்றைக்கு. எங்கள் வீடு ஆரபிக்கு விழுந்தது. மாசி மாதம் எட்டாம் திகதி, காலை ஒன்பதே கால். நீலச் சட்டை, அறுந்த செருப்பு வாரை ஊசி குத்திப் பிடித்திருந்தாள். ஏன் பிள்ளை முகத்தை மூடுகிறாய்? ஊசி குத்தியது உண்மைதானே!

அன்றைக்கு எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு வந்த நான்கு பேரையும் முற்றத்தில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வரிசையாய்க் கேட்டேன்: "என்ன டொக்டராய் வரப்போறியள்?"

பிரவீணன் வாய் மூடமுன் சொன்னான்: "சேர்ஜன், அம்மம்மா."

ஷெரோன் சொன்னாள்: "பிள்ளையளின்ரை ஸ்பெஷலிஸ்ட்."

நிருஷன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். இருதயமாம்.

ஆரபி மட்டும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "நான் இன்னும் யோசிக்கேல்லை" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கெதியாய் யோசி, பிள்ளை. உந்தச் சும்மா டிஸ்பென்சரி டொக்டராய் இருந்திடாதை" என்று சொன்னேன். இந்த வசனத்தை ஒரு பக்கத்தில் வைத்திருங்கள். பிறகு எடுக்க வேண்டிவரும்.

இப்போது என் வீட்டுக்காரருடைய கதைக்கு வருகிறேன். வைகாசி மாதம் மூன்றுதரம் விழுந்தார். தோட்டத்தில் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது ஒருதரம், மாட்டுக்குத் தவிடு வைத்தபோது ஒருதரம், தேர் பார்க்கப்போய்க் கோயில் வாசலில் ஒருதரம். கோயில் வாசலில் விழுந்ததைப் பார்த்த சனம், பக்தி முத்திப்போச்சு என்றது. எனக்கல்லவா தெரியும், அவருக்குப் பக்தி எவ்வளவு என்று! 

நான் விட்டேனா? நரம்புக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட், இருதயத்துக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட், காதுக்குள் தண்ணீர் ஆடினாலும் தலை சுற்றுமாம், அதற்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட். தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணி, இலக்கம் எடுத்து, நகரத்துக் கதிரைகளில் காத்திருந்து, மூன்று பேரிடமும் காட்டினேன். அரசாங்க கிளினிக்கும் மாதம் தவறாமல் நடந்தது. நரம்புக்காரர் நரம்பு நல்லது என்றார். காதுக்காரர் காது நல்லது என்றார். இருதயக்காரர், இருதயம் நல்லது, சித்திரை மாதம் முதல்தரம் காட்டியபோது தான் எழுதிய பிரசர்க் குளிசையைத் தொடர்ந்து போடட்டும் என்றார். எல்லாம் நல்லது. மனிதன் மட்டும் விழுந்துகொண்டிருந்தார்!

ஆனி மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஆரபி வந்தாள். "அம்மம்மா, ஐயா போடுற குளிசை எல்லாத்தையும் ஒருக்கால் பாக்கலாமோ?" என்றாள்.

பால்மா ரின்னைக் கொண்டுவந்து சுளகில் கொட்டினேன். வெள்ளை, ரோசா, மஞ்சள், பாதி முறித்தது, ஈரம் பட்டது. முற்றத்துக் கோழி ஓடிவந்தது, நெல் என்று நினைத்து. ஆரபி சம்மணம் கட்டி இருந்து, அரிசியில் கல் பொறுக்குகிறமாதிரி ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள். சனல் டொக்டர் மருந்து எழுதிய துண்டைப் பார்த்தாள். கிளினிக் கொப்பியைப் பார்த்தாள். போனில் எதையோ தேடிப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைக் குளிசையையும் ஒரு ரோசாக் குளிசையையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது ரெண்டும் ஒண்டு, அம்மம்மா."

"நிறம் வேறையெல்லோ?"

"நிறம் வேறை. கொம்பனி வேறை. மருந்து ஒண்டு. கிளினிக்கிலை ஒண்டு குடுத்திருக்கினம், சனல் பண்ணின டொக்டரும் அதையே எழுதியிருக்கிறார். ஐயா ரெண்டு மடங்கு போடுறார். நீங்கள் கிளினிக் கொப்பியை அந்த டொக்டருக்குக் காட்டேல்லையோ?"

காட்டவில்லை, சபையோரே! கைப்பைக்குள் சீலைத் துண்டால் சுற்றி ஒளித்து வைத்திருந்தேன். ஏன்? இங்கே இருக்கிற தாய்மார் எத்தனை பேர் அப்படி ஒளித்திருக்கிறீர்கள்? கையை உயர்த்த வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது! ஒரு டொக்டரிடம் போனதை மற்ற டொக்டரிடம் சொல்லக்கூடாது, குறை நினைப்பார் என்பது எங்கள் நினைப்பு. கோபக்காரரான இரண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறமாதிரித்தான் நாங்கள் டொக்டர்மாரிடம் போகிறோம். இந்த வீட்டில் சாப்பிட்டதை அந்த வீட்டில் சொல்லமாட்டோம். அந்த வீட்டிலும் இலை போட்டால் மறுக்கவும் மாட்டோம். இரண்டு இலைச் சாப்பாட்டையும் சாப்பிட்டது என் வீட்டுக்காரருடைய உடம்பு!

"அப்ப ஒண்டை நிப்பாட்டு, பிள்ளை" என்றேன்.

"நான் படிக்கிற பிள்ளை, அம்மம்மா. நான் நிப்பாட்டேலாது. ஐயாவை முழுக்கத் தெரிஞ்ச ஒராள் பாக்கோணும், உடனை பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்வி கேட்டாள். சாதாரணக் கேள்வி. பெயரையும் ஊரையும் கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

"உங்கடை குடும்ப டொக்டர் ஆர்?"

நான் விரல் மடித்து எண்ணினேன். நரம்புக்கு ஆள் இருக்கிறது, காதுக்கு ஆள் இருக்கிறது, இருதயத்துக்கு ஆள் இருக்கிறது. கதிரவேலு என்கிற மனிதனுக்கு ஆள் யார்? முழங்காலும் மூச்சும் தோட்டமும் துக்கமும் எல்லாமாய்ச் சேர்ந்த அந்த ஒரு முழு மனிதனுக்கு ஆள் யார்?

ஒரேயொருவர் இருந்தார். அவரோடுதான் எனக்குக் கதை இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், புரட்டாதி மாதம், இரண்டாவது சனி. சனீஸ்வரனுக்கு எண்ணெய் எரித்துவிட்டு வந்த அன்று இவருக்குக் காய்ச்சல். எங்கள் சந்தியில் இருக்கிற பரமலிங்கம் டொக்டருடைய டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சைச் சோதித்தார், நாக்கைப் பார்த்தார், "ஊசி தேவையில்லை அக்கா. நல்லாய்த் தண்ணி குடுங்கோ. ஒரு கிழமையிலை மாறும்" என்றார். காத்திருக்கிற வாங்கிலே பதினொரு பேர். அத்தனை பேருக்கும் முன்னால், என் புருசனுக்கு ஒரு ஊசிக்குக்கூட வழியில்லை என்று திருப்பி அனுப்புவதா? வாசற்படியில் நின்று உரக்கச் சொன்னேன்: "ஊசி போடத் தெரியாத டொக்டர்!" அன்றே நகரத்துக்குப் போய் ஊசி போட்டோம். காய்ச்சல் மாறியது. எத்தனை நாளில் என்று கேட்கிறீர்களா? ஒரு கிழமையில்!

என்ன தலைவரே, மணியில் கை வைக்கிறீர்கள்? கண்டகண்ட பேச்சாளருக்கெல்லாம் முக்கால் மணித்தியாலம் கொடுத்த மண்டபம் இது. 2011ஆம் ஆண்டு ஆண்டுவிழாவில் என்னுடைய கோலத்துக்கு மூன்றாம் இடம் தந்ததையும் நான் மறக்கவில்லை. கையை எடுங்கள்.

நல்லது. ஆரபியோடு டிஸ்பென்சரிக்குப் போனோம். எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரியும்: கதை இல்லாதவர்கள் கதைக்க வேண்டி வந்தால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். 

பரமலிங்கம் டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, அண்ணை விழுறது என்னேரம் எண்டு அவவைக் கேளும்."

நான் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "விடியத் தேத்தண்ணியோடை குளிசை போட்டிட்டுத் தோட்டத்துக்குப் போன பிறகெண்டு சொல்லும், பிள்ளை."

"குனிஞ்சு நிமிரேக்கையோ எண்டு கேளும்."

"ஓமெண்டு சொல்லும்."

"கனக்க டொக்டர்மாரிட்டைக் காட்டினவவோ எண்டு கேளும்."

"அது உவருக்கு என்னத்துக்கெண்டு கேளும்!"

ஆரபி பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போனாள். வாங்கில் இருந்தவர்கள் தங்கள் வருத்தத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இவர்தான் பொறுக்கமாட்டாமல், "விழுந்தவன் நான் இஞ்சை இருக்கிறன். என்னைக் கேட்டால் சொல்லமாட்டனே?" என்றார்.

டொக்டர் எழும்பினார். அலுமாரியைத் திறந்தார். வருத்தக் குறிப்பு எழுதிவைக்கிற, பழுப்பேறிய ஒரு மட்டையை உருவி எடுத்தார். சபையோரே, அது எங்கள் வீட்டு மட்டை! என் மூத்தவளுடைய கொப்புளிப்பான் காய்ச்சல் அதில் இருந்தது. என் மாமியாருடைய கடைசிக் கிழமை அதில் இருந்தது. "எண்பத்தெட்டு, ஆவணி: பிள்ளை தங்கவில்லை, தாய் சாப்பிடுவதில்லை, வாரம் ஒருமுறை பார்க்க" என்று என்னைப் பற்றி எழுதிய ஒரு வரி இருந்தது. அந்த வருடம் அவர் ஏன் சும்மா சும்மா சைக்கிளில் எங்கள் ஒழுங்கையால் போனார், ஏன் படலையில் நின்று ஒரு செம்பு தண்ணீர் கேட்டுக் குடித்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறவள் நான் என்று மார்தட்டினேனே! எனக்குத் தெரியாமல் என்னை நினைவில் வைத்திருந்தது அந்த மட்டை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியபோது, அந்த மட்டைப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனவராம். கதை இல்லாத வீட்டின் மட்டையைப் பன்னிரண்டு வருடம் ஒருவர் ஏன் எறியாமல் வைத்திருந்தார்?

இவரைப் படுக்கவைத்துப் பிரசர் பார்த்தார். எழுப்பி நிறுத்திப் பார்த்தார். "எழும்ப எழும்ப இறங்குது. பாத்தீரோ, பிள்ளை?" என்று ஆரபிக்குக் காட்டினார். ரோசாக் குளிசையை நிற்பாட்டினார். கிளினிக்குக்கும் இருதயக்காரருக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார். "ரெண்டு கிழமை கழிச்சு வரச்சொல்லும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை என் வீட்டுக்காரர் விழவில்லை. எழும்பிக் காட்டுங்கள், இஞ்சேருங்கோ! பார்த்தீர்களா? சரி, இருங்கள். சபை நீங்கள் ஆடிக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை.

வெளியே வரும்போது கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை ஆரபி வாசித்தாள். வருகிற தை மாதத்தோடு டிஸ்பென்சரி மூடப்படும். டொக்டருக்கு எழுபத்திரண்டு வயது. பொறுப்பெடுக்க ஆள் இல்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தக் கேள்வி. ஏன் ஆள் இல்லை? வருடத்துக்கு வருடம் இத்தனை பிள்ளைகள் படித்து வெளியேறுகிறார்களே, இந்தக் கதிரைக்கு மட்டும் ஏன் ஆள் இல்லை? சம்பளமா? சலிப்பா? பயமா? பகட்டா? அறியவேண்டும் என்று ஆசை வந்தது. ஆவணி மாதம் கூழ் காய்ச்சிய அன்று நான்கு பேரையும் மறுபடி இருத்தினேன். வாய் சுடச்சுட உண்மையைச் சொல்லவைக்கக் கூழைப்போல ஒன்றில்லை.

ஷெரோன் சொன்னாள்: "நாள் முழுக்கத் தடிமன், இருமல், வயித்தோட்டம். இவ்வளவு படிச்சது அதுக்கோ, அம்மம்மா?"

பிரவீணன் சொன்னான்: "வெட்டித் தைச்சால் அண்டைக்கே முடிவு தெரியும். உந்தச் சந்தி டொக்டர் முப்பத்தொன்பது வருசமாய்ப் பிரசர் பாக்கிறார். எப்ப வெண்டவர்?"

நிருஷன் சொன்னான்: "கலியாண வீட்டிலை அம்மா 'மகன் டொக்டர்' எண்டு சொன்னால், 'என்ன ஸ்பெஷலிஸ்ட்?' எண்டுதான் அடுத்த கேள்வி. 'குடும்ப டொக்டர்' எண்டு சொல்லிப் பாருங்கோ. 'பறவாயில்லை, இன்னும் வயது இருக்குத்தானே' எண்டு ஆறுதல் சொல்லுவினம்."

"அதுக்கும் மேற்படிப்பு இருக்கடா. அதிலையும் ஸ்பெஷலிஸ்ட் இருக்கினம்" என்றாள் ஆரபி.

"அதை என்ரை அம்மாவுக்குச் சொல்லு. பிறகு அம்மா ஊருக்குச் சொல்லட்டும்" என்றான் அவன்.

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நம்புங்கள், கோபம் வராத நாளும் எனக்கு உண்டு! எல்லாரும் உண்மை சொன்னார்கள். பிரவீணன் கேட்டது நல்ல கேள்வி. எப்ப வென்றவர்? ஒரு மனிதன் வரம்பில் விழாமல் நடந்துபோகிறான். அதை எந்தப் பத்திரிகை போடும்? ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்த வருடத்தில் பைத்தியமாகாமல் தப்புகிறாள். அதற்கு யார் மாலை போடுவார்கள்? நடக்காமல் போன கெடுதிக்கு மேடை இல்லை, பிள்ளைகளே. இன்றைக்குத்தான் ஒரு மேடை போட்டிருக்கிறோம்.

கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்ற ஆரபியிடம் போய்க் கேட்டேன்: "நீ ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை?"

"எனக்கு அந்த வேலை விருப்பம், அம்மம்மா. டிஸ்பென்சரிக்கு நான் பிறகும் நாலைஞ்சு தரம் போனனான். ஆனால் பயம்."

"வேலைக்கோ?"

"இல்லை. உங்களுக்கு."

"எனக்கோ? நான் என்ன செய்தனான்?"

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அவர் உங்கடை வீட்டை இருபத்தைஞ்சு வருசம் பாத்தவர். ஒரு ஊசி போடேல்லை. நீங்கள் பன்னிரண்டு வருசம் கதைக்கேல்லை. நானும் இஞ்சை வந்து இருந்து, எல்லாம் சரியாய்ச் செய்து, ஒரு நாள் நீங்கள் கேட்டதைச் செய்யாட்டி எனக்கும் இதுதானே? முதல் நாளே சொன்னனீங்கள், சும்மா டிஸ்பென்சரி டொக்டராய் இருந்திடாதை எண்டு."

ஒரு பக்கத்தில் வைக்கச் சொன்னேனே, அந்த வசனத்தை இப்போது எடுங்கள்.

ஊரெல்லாம் தேடினேன் பதிலை. பல்கலைக்கழகத்தில் இருக்குமோ, பட்டணத்தில் இருக்குமோ, பணத்தில் இருக்குமோ என்று தேடினேன். பதில் என் வாய்க்குள் இருந்தது! பெரிய டொக்டர், பெரிய டொக்டர் என்று ஓடினது யார்? நாங்கள். பக்கத்தில் இருந்தவரைச் சும்மா டொக்டர் என்று சொல்லிச் சொல்லிச் சின்னதாக்கினது யார்? நாங்கள். ஊசி தந்தால் கெட்டிக்காரன், உண்மை சொன்னால் ஒன்றும் தெரியாதவன் என்று தீர்ப்பெழுதினது யார்? நாங்கள்! பிள்ளைகள் இந்த வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். நாங்கள் பார்த்த பார்வையைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்!

ஆகையால், செல்வங்களே, வாருங்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் போங்கள். நாளைக்கு என் முழங்காலுக்கு நீங்கள்தான் வேண்டும். ஆனால் பயந்து நிற்கிற ஒரு பிள்ளையின் பயத்தில் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது. அதை இந்த மேடையில் எடுத்துவிடுகிறேன்.

மேடையின் இடது பக்கத்துக் கடைசிக் கதிரையில் இருக்கும், இணுவில் சந்தியில் முப்பத்தொன்பது வருடம் கதவு திறந்த, டொக்டர் பரமலிங்கம் அவர்களே! 

வணக்கம்.

"ஊசி போடத் தெரியாத டொக்டர்" என்று பதினொரு பேர் கேட்கச் சொன்னேன். இருநூறு பேர் கேட்க அதைத் திருப்பி எடுக்கிறேன். நீங்கள் ஊசி போடாதது சரி. நான் சொன்னது பிழை.

கைதட்ட வேண்டாம், பொறுங்கள். அவர் ஏதோ சொல்லுகிறார். எனக்கல்ல, ஆரபிக்குச் சொல்லுகிறார். என்ன பிள்ளை, எழும்பி உரக்கச் சொல்லு!

கேட்டீர்களா, சபையோரே? "ரெண்டு கிழமையிலை வரச்சொன்னது, ஆறு மாசமாகியும் வரேல்லை எண்டு அவவிட்டைச் சொல்லும்" என்கிறார்!

டொக்டர், நடுவில் இனி ஆள் வேண்டாம். என்னோடேயே கதையுங்கோ. திங்கட்கிழமை காலமை இவரைக் கூட்டிக்கொண்டு வாறன். கிளினிக் கொப்பியும் கொண்டுவாறன், சுற்றாமல்.

ஆரபி, முதல் நாள் உனக்குச் சொன்னதில் பாதியை வைத்துக்கொள்: யோசி. கெதியாய் வேண்டாம், ஆறுதலாய் யோசி. மற்றப் பாதியை எனக்குத் திருப்பித் தந்துவிடு. நீ எங்கே போனாலும் சரி. இந்தச் சந்திக்குத்தான் வந்தாயானால், என் கையில் ஊசி போடமாட்டேன் என்று நீ சொல்லலாம். நான் முகத்தைத் தூக்குவேன், அது பிறவிக் குணம். ஆனால் கதையை நிற்பாட்டமாட்டேன்.

இவ்வளவு நேரம் இருந்து கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. உலை பொங்கியிருக்கும் என்று தெரிந்தும் எழும்பாத தாய்மாருக்கு நன்றி. பத்து மாதம் எங்கள் படலையைத் திறந்து வந்த பிள்ளைகளுக்கு நன்றி. மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கும் நன்றி. கோலத்தின் கணக்கு அப்படியே நிற்கிறது, அதை வேறொரு மேடையில் பார்ப்போம். எல்லோரும் சுகமாய் இருங்கள். சுகமில்லாத நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட உங்களுக்கு ஒரு டொக்டர் இருக்கட்டும். வணக்கம்!